பெஞ்சை நகர்த்தும் முன்

2025 ஜூலையில் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து மாவட்டங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் போனது. வகுப்பறைகளில் மாணவர் இருக்கைகளை வரிசை வரிசையாகப் போடாமல் 'ப' எழுத்தின் வடிவில் போட வேண்டும் என்பது அதன் சாரம். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளத் திரைப்படம் கிளப்பிய விவாதமும், அதையொட்டிக் கேரளத்தில் சில பள்ளிகள் கடைசி பெஞ்சை ஒழித்த செய்தியும் அப்போது எங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்தன. ஆனால், அறிவுறுத்தலின் ஈரம் காய்வதற்குள் எதிர்ப்பு எழுந்தது. பக்கவாட்டில் அமரும் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும், கண் சோரும், இருக்கும் இடத்தில் இது நடக்காது என்றெல்லாம் ஆசிரியர்களும் பெற்றோரும் அரசியல் கட்சியினரும் சொன்னார்கள். சில நாள்களிலேயே அறிவுறுத்தல் நிறுத்திவைக்கப்பட்டது.

அத்துடன் பேச்சும் ஓய்ந்துவிட்டது. வருத்தம் அதில்தான். வகுப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு முழுவதும் ஒரு வாரம் பேசியது அரிதான நிகழ்வு. பாடத்திட்டம், தேர்வு, தேர்ச்சி விழுக்காடு, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். ஒரு குழந்தை நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அமர்ந்திருக்கும் அந்த நான்கு சுவர்களைப் பற்றிப் பேசுவதேயில்லை. பேசக் கிடைத்த வாய்ப்பும் 'ப' வடிவம் நல்லதா, கெட்டதா என்ற பட்டிமன்றமாக முடிந்துபோயிற்று.

அந்தக் கேள்விக்கே ஓர் அளவுநாடா பாதி விடை சொல்லிவிடும். நம் அரசுப் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் வகுப்பறை இருபதுக்கு இருபது அடி, அதாவது 400 சதுர அடி. கரும்பலகைக்கும் ஆசிரியர் நடமாட்டத்துக்கும் வாசலுக்கும் முன்புறம் ஐந்தடி விட்டால் பின்னால் எஞ்சுவது பதினைந்தடி ஆழம். மூன்று பேர் அமரும் ஐந்தடி பெஞ்சுகளை நடைவழி விட்டு வரிசைக்கு மூன்றாக, ஐந்து வரிசை போட்டால், நெருக்கியடித்து 45 பேர் அமரலாம். அதே அறையில் சுவரோரமாக 'ப' வடிவில் பெஞ்சும் டெஸ்கும் போடும்போது, அவற்றின் அகலமே மூன்றடியை எடுத்துக்கொள்ளும். மூலைகளில் புகுந்து எழ வழி விட வேண்டும். மூன்று பக்கமும் சேர்த்து உட்காரத் தக்க நீளம் நாற்பதடியைத் தாண்டாது. ஒரு பிள்ளைக்கு ஒன்றேமுக்கால் அடி என்று வைத்தாலும் 22 பேர்தான். உள்ளே இன்னொரு சிறிய 'ப' போட்டால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்க்கலாம். ஆனால், அப்படிச் செய்தால் வெளி 'ப'வில் இருப்பவர்கள் மறுபடியும் பின்வரிசைக்காரர்களே.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றும், நடுநிலை வகுப்புகளில் 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றும் வகுத்திருக்கிறது. இந்த விகிதப்படியே வகுப்பு அமைந்தாலும் ஒற்றை 'ப' போதாது. நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளிலோ ஒரு பிரிவில் ஐம்பது, அறுபது பேர் இருப்பது புதிதன்று. இதற்கு நேர்மாறாக, இரண்டு ஆசிரியர்களும் இருபது குழந்தைகளும் மட்டுமே உள்ள கிராமத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் ஏற்கெனவே பாயில் வட்டமாகத்தான் அமர்கிறார்கள். முதல் பள்ளியில் நிறைவேற்ற முடியாததும் இரண்டாவது பள்ளியில் தேவைப்படாததுமான ஒன்றை ஒரே தாளில் இருவருக்கும் அனுப்பியதுதான் பிழை.

'ப' வடிவத்தின் பின்னிருந்த நோக்கத்தில் குறையில்லை. 1999-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்று, நான்காம் வகுப்புக் குழந்தைகள் வரிசையில் அமர்ந்தபோது கேட்டதைவிட அரைவட்டத்தில் அமர்ந்தபோது அதிகக் கேள்விகள் கேட்டதைப் பதிவுசெய்தது. ஆசிரியரின் முகமும் சக மாணவர்களின் முகமும் தெரிந்தால் வாய் திறக்கும் துணிவு வருகிறது. அதே நேரத்தில், இருக்கை அமைப்பு குறித்த எட்டு ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்து 2008-இல் வெளியான கட்டுரையொன்று வேறொரு முடிவைச் சொன்னது. தனித்தனியே செய்ய வேண்டிய வேலை என்றால் வரிசை அமைப்பே கவனத்தைக் காக்கிறது. சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்றால் குழுவாக அமர்வது உதவுகிறது. திருக்குறளுக்குப் பொருள் பேசும் பாடவேளைக்கும், வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்கும் பாடவேளைக்கும் ஒரே இருக்கை அமைப்பு பொருந்தாது என்பதை அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் சொல்வார்.

ஆகவே, வடிவத்தைவிட முக்கியம், பெஞ்சு எளிதில் நகர வேண்டும் என்பது. இங்கேதான் நம் கொள்முதல் குறுக்கே நிற்கிறது. அண்மைக் காலத்தில் பள்ளிகளுக்கு வந்து சேரும் இருக்கைகளில் பெரும்பகுதி, டெஸ்கும் பெஞ்சும் ஒரே இரும்புச் சட்டத்தில் பற்றவைக்கப்பட்டவை. உடையாது, திருட்டுப் போகாது, கணக்கெடுக்க வசதி. ஆனால், ஆறாம் வகுப்புப் பிள்ளையால் அதை அசைக்க முடியாது. திருப்பிப் போட்டுக் குழுவாக அமரவும் முடியாது. எல்லா வகுப்புக்கும் ஒரே உயரம் என்பதால், பத்து வயதுப் பிள்ளையின் கால் தரையில் படாது. பதினைந்து வயதுப் பிள்ளையின் முழங்கால் டெஸ்கில் இடிக்கும். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊர்த் தச்சர் செய்து கொடுத்த தனி பெஞ்சும் தனி டெஸ்கும் இந்த வகையில் மேலானவை என்றால் பழமைவாதம் என்பார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோரும் படிவத்தில் 'பெஞ்சும் டெஸ்கும் தனித்தனி, இரண்டு உயரங்களில்' என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை.

கடைசி பெஞ்சு என்பது மரமும் இரும்பும் மட்டுமாக இருந்ததில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் 1970-இல் வகுப்பறைகளைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, ஆசிரியரின் கேள்விகளும் பார்வையும் பெரும்பாலும் முன்வரிசையிலும் நடுப்பத்தியிலும் அமர்ந்திருப்பவர்களையே சென்றடைவதைக் கண்டார்கள். இரு ஓரங்களிலும் பின்புறத்திலும் இருந்தவர்கள் அறைக்குள் இருந்தும் வகுப்புக்கு வெளியே இருந்தார்கள். நம் ஊரில் அந்த ஓரத்தில் யார் அமர்கிறார்கள் என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளில் சாதி உணர்வைக் களைவதற்கான அதன் பரிந்துரைகளுள் ஒன்று, வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பது. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் யார் எந்த பெஞ்சில் அமர்வது என்பது வரை இறங்கி எழுத நேர்ந்தது என்றால், அந்த பெஞ்சுகளில் என்ன நடக்கிறது என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

அகர வரிசை ஒரு தொடக்கம். ஆனால், அதுவும் நிலையாக நின்றுவிட்டால் 'அ'வில் தொடங்கும் பெயர்கள் ஆண்டு முழுவதும் முன்னாலும், 'வ'வில் தொடங்கும் பெயர்கள் ஆண்டு முழுவதும் பின்னாலும் இருக்கும். வாரம் ஒருமுறை வரிசையைச் சுழற்றும் பழக்கம் நல்லாசிரியர்கள் பலரிடம் முன்பிருந்தே உண்டு. கண்பார்வைக் குறைவும் கேள்விக் குறைவும் உள்ள பிள்ளைகளை மட்டும் முன்னால் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களைச் சுழற்றுவதற்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. இரண்டு பத்திகளுக்கு இடையே ஆசிரியர் கடைசி வரை நடந்துபோகத் தக்க வழி இருந்தால், கடைசி பெஞ்சு தானே சற்று முன்னுக்கு வந்துவிடும்.

இருக்கையைவிட அடிப்படையானவை இருக்கின்றன. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 குழந்தைகளையும் ஆராய்ந்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டில் குழந்தைகளின் கற்றல் முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 விழுக்காட்டை வகுப்பறையின் தன்மைகளைக்கொண்டே விளக்க முடிந்தது. அதில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணமாக இருந்தவை மூன்று: வெளிச்சம், வெப்பநிலை, காற்று. பள்ளியின் மொத்தத் தோற்றமோ விளையாட்டுத் திடலின் அளவோ அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. ஒவ்வொரு தனி அறையும்தான் கணக்கில் வந்தது. இங்கிலாந்தின் முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால், அந்தக் குளிர்நாட்டிலேயே காற்றும் வெப்பமும் இவ்வளவு பேசுமானால், வேலூரிலும் விருதுநகரிலும் எவ்வளவு பேசும்?

வெப்பத்திலிருந்தே தொடங்கலாம். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் கோடை வெயில் தணியாததால் தமிழகத்தில் பள்ளித் திறப்பு ஜூனில் தள்ளிவைக்கப்பட்டது. திறந்த பின்னும் பிற்பகலில் கான்கிரீட் தளத்தின் கீழ் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் நிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் குரல் மங்கி, மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்கும் அந்த மூன்று மணி வகுப்பில் எவ்வளவு கற்பிக்கப்பட்டது, எவ்வளவு ஏறியது என்பதை யாரும் அளப்பதில்லை. அமெரிக்காவில் அளந்தார்கள். குளிர்சாதன வசதி இல்லாத பள்ளிகளில், ஓராண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றல் ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

வகுப்பறைகளுக்கெல்லாம் குளிர்சாதனம் என்பது நம் நிலைமைக்கு நடவாதது. ஆனால், மேல்தளத்துக்கு வெள்ளை பூசுவது நடக்கக்கூடியது. வெயிலை உள்வாங்கிக் கொதிக்கும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பில் சுண்ணாம்போ, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளை வர்ணமோ பூசினால் உள்ளே சில டிகிரி குறையும். அகமதாபாத் நகரம் தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் குடிசைப் பகுதி வீடுகளுக்கு இதைச் செய்தது. தெலங்கானா 2023-இல் இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. தளத்தைப் பெருக்கி, விரிசலை அடைத்து, இரண்டு முறை வெள்ளையடிப்பது நம் கொத்தனார்களுக்குப் புதிய வேலையன்று. ஒரு வகுப்பறைக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். மழைக்குப் பின் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தகரமோ கல்நாரோ போட்ட கூரையாக இருந்தால் இந்த வெள்ளை இன்னும் கூடுதலாகவே உதவும்.

அடுத்தது காற்று. எத்தனை வகுப்பறைகளில் ஜன்னலை மறைத்துக்கொண்டு இரும்பு அலமாரி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைத்துக் கட்டிய பொறியாளரின் கணக்கு, ஒரு பக்கத்தில் அலமாரியும் மறுபக்கத்தில் நிரந்தரமாக அடைக்கப்பட்ட கதவுமாகப் பாழாகிறது. ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால் காரணம் கிடைக்கும்: கொக்கி இல்லை, காற்றில் அடித்துக்கொள்கிறது, வெயில் நேராகக் கண்ணில் படுகிறது, வெளியே சாலை இரைச்சல். கொக்கிக்கும் கீலுக்கும் தச்சருக்கு ஒரு நாள் கூலி போதும். மேற்கு வெயிலுக்கு வெளிப்புறம் ஒரு மறைப்போ, முருங்கையோ புங்கையோ போதும். மின்விசிறி மாற்ற வேண்டிய தருணம் வரும்போது, 75 வாட் எடுக்கும் பழைய வகைக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் புதிய வகையை வாங்கினால் விலை சற்றுக் கூடினாலும் மின்கட்டணத்தில் திரும்பக் கிடைத்துவிடும். அந்தக் கட்டணத்தைக் கட்டுவது பள்ளியின் அதே சிறு மானியத்திலிருந்துதான்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது கரும்பலகையை விட்டுவிட முடியாது. ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து மாணவர்களே கரும்பலகைக்குப் பூசிய காலம் ஒன்று இருந்தது. அன்று அது கன்னங்கரேலென்று இருக்கும், பளபளக்காது. இன்று எனாமல் பூசிய பலகைகளும் வழுவழுப்பான வெள்ளைப் பலகைகளும் ஜன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் திருப்பியனுப்புகின்றன. ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதில் எழுத்து தெரிவதில்லை, வெள்ளைத் திட்டுத்தான் தெரிகிறது. 'ப' வடிவத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட கண் சோர்வுக்குப் பாதிக் காரணம் பலகையின் பூச்சு என்பேன். பளபளப்பில்லாத பூச்சு பூசுவதும், பலகைக்கு நேர் மேலே ஒரு குழல் விளக்கு வைப்பதும், வெளிச்சம் எழுதும் கையின் நிழலை நோட்டில் விழவைக்காத பக்கத்திலிருந்து வருமாறு பெஞ்சுகளைத் திருப்புவதும் கட்டடப் பணியில் சேராத வேலைகள்.

ஓசையை யாரும் கண்டுகொள்வதில்லை. வெறும் சுவரும் சிமென்ட் தரையும் கான்கிரீட் கூரையும் சேர்ந்த அறையில் ஒரு சொல் பலமுறை எதிரொலித்து அடுத்த சொல்லின் மீது விழுகிறது. வகுப்பறையின் பின்னணி ஓசை 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் சாலையோரப் பள்ளிகளில் அது எட்டாக் கனி. பெஞ்சின் இரும்புக் கால்களுக்கு ரப்பர் குமிழோ பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக்கியோ மாட்டினால் இழுபடும் ஓசையாவது நிற்கும். பின்சுவரில் பிள்ளைகளின் படைப்புகளைக் குத்திவைக்கும் மென்பலகை இருந்தால் எதிரொலியும் சற்று அடங்கும். முட்டை அட்டைகளை ஒட்டினால் ஓசை குறையும் என்று ஒரு யோசனை உலவுகிறது. குறைவது சொற்பம், தீப்பற்றும் ஆபத்தோ பெரிது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலத்தில், வகுப்பறைக்குள் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இருக்கை எந்த வடிவில் இருந்தாலும் வாசல்வரை தடையில்லாத வழி இருக்க வேண்டும் என்பதும் அந்த ஜூலை சொல்லிக்கொடுத்த பாடம்.

குறைந்த செலவில் வகுப்பறையை மாற்றியதில் தமிழ்நாட்டுக்கு ஓர் அசல் அனுபவம் உண்டு. 'ப' விவாதத்தில் அதை யாரும் நினைவுபடுத்தாதது எனக்கு வியப்பு. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் 2003-இல் பதின்மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்த செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் கிராமப்புறக் கல்வி முயற்சியிலிருந்து வேர்பிடித்த முறை அது. அப்போது அறைக்குள் நடந்த மாற்றங்களை நினைத்துப் பாருங்கள். பெஞ்சு போயிற்று, பாய் வந்தது. சுவரின் அடிப்பகுதியில், அமர்ந்திருக்கும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை பூசப்பட்டு ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அதில் குழந்தைகள் வரைந்தவற்றைத் தொங்கவிட்டார்கள். அட்டைகள் தட்டுகளில் அடுக்கப்பட்டன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கித் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார்.

கருமைப் பூச்சு, பாய், கம்பி, தட்டு. இவ்வளவுதான் பொருட்செலவு. ஆயினும், அது இருக்கை மாற்றம் என்ற பெயரில் வரவில்லை. குழந்தை தன் வேகத்தில் அட்டையை எடுத்துக் கற்கும் என்று முறை மாறியது. முறைக்கு வேண்டிய அளவுக்கு அறை மாறியது. செயல்வழிக் கற்றலின் குறைகள் பலவாறாக விவாதிக்கப்பட்டன. அவற்றில் நியாயமும் உண்டு. பின்னர் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, இன்று தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. முறை தளர்ந்த பள்ளிகளில் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் அவற்றின் மேல் பூப்போட்ட வர்ணம் ஏறியிருக்கிறது. சில இடங்களில் பெஞ்சுகள் திரும்பி வந்து அவற்றை மறைத்து நிற்கின்றன. கற்பிக்கும் முறையிலிருந்து பிரிந்த அறை அமைப்பு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. 'ப' வடிவ அறிவுறுத்தலில் இல்லாமற்போனதும் இதுதான்: அந்த வடிவில் அமரவைத்துவிட்டு ஆசிரியர் எந்த வகையில் வேறாகக் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு.

அலங்காரம் என்றதும் சுவரோவியங்களைச் சொல்லியாக வேண்டும். முன்னாள் மாணவர்களோ, ஊர்ப் பெரியவர்களோ, நிறுவனங்களோ பள்ளிக்கு ஏதாவது செய்ய முன்வந்தால் முதலில் நடப்பது வர்ணம் பூசுவது. வகுப்பறை ரயில்பெட்டியாகிறது, உள்ளே நான்கு சுவரிலும் விலங்குகள், கோள்கள், தலைவர்கள், பொன்மொழிகள். படம் பிடித்துப் பகிர அழகாக இருக்கிறது, பிள்ளைகளுக்கும் முதல் நாள் குதூகலம். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் மழலையர் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், சுவர் நிறைய அலங்கரித்த அறையில் இருந்தபோது கவனம் அதிகம் சிதறியதும், அலங்காரம் இல்லாத அறையில் கூடுதலாகக் கற்றதும் தெரிந்தன. சுவரை மொட்டையாக விட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கரும்பலகை இருக்கும் முன்சுவர் அமைதியாக இருக்கட்டும். படங்கள் பின்சுவருக்குப் போகட்டும். அவையும் அவ்வப்போது மாறட்டும். கதவு திறக்கும் வளைவைத் தரையில் கோணமானியாக வரைவது, ஜன்னல் கம்பிகளை எண்சட்டமாக்குவது என 'கட்டடமே கற்றல் கருவி' என்ற பெயரில் இந்தியாவில் நல்ல யோசனைகள் உருவாகியிருக்கின்றன. கை வைத்துச் செய்து பார்க்கும் அத்தகைய வரைவுகள், பார்த்துச் சலிக்கும் ஓவியத்தைவிடப் பல மடங்கு பயன் தரும். செலவு இரண்டுக்கும் ஒன்றே.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் உண்டு. 30 பேர்வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 பேர்வரை 25,000, 250 பேர்வரை 50,000, ஆயிரம் பேர்வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் இதிலிருந்துதான்; பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மத்திய அரசும் மாநில அரசும் பி.எம்.ஸ்ரீ பள்ளிகள் தொடர்பாக மோதிக்கொண்டதில் 2024-25ஆம் ஆண்டுக்கான 2,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிதி முடங்கி, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனதை நாம் அறிவோம். இப்படிப்பட்ட நிலையில் சிறு பள்ளியின் தலைமையாசிரியர் வகுப்பறையை மறுவடிவமைப்பதைப் பற்றிக் கனவு காண மாட்டார்தான்.

ஆனால், மேலே சொன்னவற்றில் பாதி பணம் கேட்காதவை. மீதியில் பெரும்பகுதி ஒரு பள்ளியின் ஆண்டு மானியத்தில் ஒரு பங்கைக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு அறை வீதம் முடிக்கக்கூடியவை. பணத்தைவிடப் பெரிய தடை நடைமுறை. ஏறத்தாழ ஒவ்வொரு பழைய பள்ளியிலும் பூட்டிய அறை ஒன்று இருக்கும். உள்ளே கால் உடைந்த பெஞ்சுகளும் துருப்பிடித்த நாற்காலிகளும் ஓடாத கணினிகளும் கூரைவரை அடுக்கியிருக்கும். இருப்புப் பதிவேட்டில் இருக்கும் தளவாடத்தைக் கழிவென்று நீக்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், மதிப்பீடு வேண்டும், ஏலம் வேண்டும். தணிக்கைக்கு அஞ்சும் தலைமையாசிரியர் பூட்டுப் போட்டுவிட்டு, இரண்டு பிரிவுகளை ஒரே அறையில் அமர்த்துகிறார். அந்த அறையைக் காலி செய்தால் ஒரு வகுப்பறை கிடைக்கும். புதிதாகக் கட்டினால் அதற்கு லட்சக்கணக்கில் ஆகும். ஆண்டுக்கொரு முறை, கோடை விடுமுறையில், ஒன்றிய அளவில் ஒரு குழு பள்ளி பள்ளியாகச் சென்று அந்த இடத்திலேயே கழிவு நீக்க ஆணை வழங்குவதாக ஏற்பாடு செய்வது துறைக்கு இயலாத காரியமா? உடைந்த பெஞ்சுகளில் பலவற்றை ஒன்றின் காலை இன்னொன்றுக்கு வைத்துச் சீராக்கிவிடவும் முடியும்.

'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகவும் முன்னாள் மாணவர்கள் வழியாகவும் வரும் நன்கொடைகளும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருள்களாகவே வருகின்றன: தொலைக்காட்சிப் பெட்டி, நுழைவாயில் வளைவு, குடிநீர் இயந்திரம். கொடுப்பவரின் பெயரைப் பொறிக்க மேல்தளத்து வெள்ளையில் இடமில்லை என்பது உண்மை. ஜன்னல் கொக்கி வாங்கித் தந்தவருக்குக் கல்வெட்டு வைக்கும் வழக்கமும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது, எங்களுக்கு இந்த வரிசையில் இவை தேவை என்று ஒரு பட்டியலைத் தீர்மானமாக எழுதி வைத்துக்கொண்டால், வருகிற நன்கொடையை அதை நோக்கித் திருப்ப முடியும். திறன் வகுப்பறைத் திரைகள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளி அறைகளுக்கு வந்துவிட்ட இந்நாளில், அந்தத் திரை தெரிவதற்காக ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, வேர்த்து வழியப் பாடம் பார்க்கும் நிலையும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அந்தப் பட்டியலை யார் எழுதுவது? பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் பெற்றோர். அவர்களில் கொத்தனார் இருப்பார், தச்சர் இருப்பார், மின்பணியாளர் இருப்பார். அடுத்த கூட்டத்தைத் தலைமையாசிரியர் அறையில் நடத்தாமல், ஒரு வகுப்பறையில், பிற்பகல் இரண்டரை மணிக்கு நடத்திப் பார்க்கலாம். உறுப்பினர்கள் கடைசி பெஞ்சிலும் சுவரோரத்திலும் அமரட்டும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கரும்பலகையில் ஐந்து வரி எழுதிவிட்டு, வழக்கமான குரலில் அதைப் படிக்கட்டும். எழுத்து தெரிகிறதா, குரல் கேட்கிறதா, காற்று வருகிறதா, முழங்கால் இடிக்கிறதா என்பதை அவர்களே சொல்வார்கள். பெஞ்சை எப்படித் திருப்பிப் போடலாம் என்பதையும் அதே பிற்பகலில் நகர்த்திப் பார்த்துவிடலாம். அந்த அறைக்கு 'ப' பொருந்தினால் அந்த ஊர் அதைத் தேர்ந்துகொள்ளட்டும்.